அடிக்கல் பாலம்

வெள்ளூரணி நகராட்சியில் ஓடைப் பாலத்துக்கு ஒவ்வொரு பட்ஜெட்டிலும் பணம் ஒதுக்குவார்கள். சேர்மன் தவசிலிங்கம் தன் பேர் பொறித்த அடிக்கல்லை நட்டு விழா எடுப்பார். பாலம் மட்டும் வரவே வராது.

ஒருநாள் காலை, பாலத்தைப் பார்க்கக் கலெக்டர் வருவதாகப் போன் வந்தது. சேர்மனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓடைக்கரையில் புல் செதுக்கிக்கொண்டிருந்த கூலிக்காரி இசக்கியம்மாளைக் கூப்பிட்டார்.

"மத்தியானத்துக்குள்ள ஜனங்க ஓடையைத் தாண்டணும். சேமநிதியும் காலி, சல்லிக்காசு தர முடியாது. செய்யலேன்னா உனக்கு வேலை கிடையாது!"

"பாலத்துக்குன்னு நீங்க வாங்கின சாமானை எடுத்துக்கிடட்டுமா ஐயா?"

"எதை வேணும்னாலும் எடு, போ!"

மத்தியானம் சேர்மனோடு வந்து ஓடையில் கால் வைத்த கலெக்டர் அதிர்ந்து நின்றார். தண்ணீருக்குள் வரிசையாக அடிக்கற்கள். கல்லுக்குக் கல் சேர்மன் பேர்.

"ஒரே பாலத்துக்கு இத்தனை அடிக்கல்லா? பணமெல்லாம் எங்கே?"

"கல்லு இங்க கிடக்குங்க. மிச்சமெல்லாம் பந்தலும் பிரியாணியுமா போயிருச்சுங்க" என்றாள் இசக்கியம்மாள்.

கலெக்டர் கல் மேல் நடந்து அக்கரை சேர்ந்தார். திரும்பி, "சேர்மன், இங்கே வாங்க" என்றார்.

ஒரு காலைத் தூக்கிய சேர்மன், கல்லில் தன் பேரைப் பார்த்ததும் அதைக் கீழே வைக்க முடியாமல் நின்றார்.

"தைரியமா மிதிங்க ஐயா, எல்லாம் உங்க பேருதான்" என்றாள் இசக்கியம்மாள்.