தேக்கிலை வாங்கிய வெள்ளெலி

காட்டோரத்தில், ஓடைக்கரையில் ஒரு மண்மேடு இருந்தது. அதன் அடியில் நாற்பது வெள்ளெலிக் குடும்பங்கள் வாழ்ந்தன. ஒரு வளையிலிருந்து இன்னொரு வளைக்கு வழி, அதிலிருந்து வேறொன்றுக்கு வழி என்று மேடு முழுக்கப் பின்னிக் கிடந்தது. எந்த வீட்டிலிருந்தும் எந்த வீட்டுக்கும் வெயில் படாமல் போய்வரலாம். வசதிதான். ஆனால் ஒரு வாசலில் பாம்பு நுழைந்துவிட்டால் அதுவும் நாற்பது வீட்டுக்கும் வெயில் படாமல் போய்வரும். அதனால் மேட்டுக்கு எப்போதும் ஒரு காவல்காரர் உண்டு.

அந்தக் கோடையில் பழைய காவல்காரர் காதறுந்தாரைப் பருந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது. யாருக்கும் எதையும் சொல்லிவிட்டுப் போக அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

மேட்டின் தலைவர் மொட்டைவாலர் கூட்டம் போட்டார். இனிமேல் பரீட்சை எழுதி முத்திரை இலை வாங்கியவர்களைத்தான் காவலுக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. பக்கத்து மேட்டில் அப்படித்தானாம். பக்கத்து மேட்டில் செய்துவிட்டால் நாம் செய்யாமல் இருக்க முடியுமா? வேலை கிடைப்பவருக்கு மேட்டின் ஆழத்தில் உள்ள காவல்காரர் அறையும் கிடைக்கும். பௌர்ணமிக்குள் இலையோடு வர வேண்டும்.

செம்பி என்ற வெள்ளெலிக்கு அந்த அறைதான் வேண்டியிருந்தது. அவள் வளை மேட்டின் விளிம்பில், வாசலை ஒட்டி இருந்தது. போன ஈற்றில் பிறந்த நான்கையும் கீரி அங்கேயே கையை விட்டு எடுத்துத் தின்றுவிட்டது. இப்போது மறுபடி ஐந்து குட்டிகள். பிறந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இந்த ஐந்தையாவது ஆழத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும் என்று அவள் தவித்தாள். இலை வாங்க வேண்டும், சரி. எந்த இலை? காட்டில் ஆளுக்கொரு பள்ளிக்கூடம் வைத்திருந்தார்கள். மொட்டைவாலரிடமே போய்க் கேட்டாள்.

"எது பெரிசோ அதை வாங்கிட்டு வாம்மா," என்றார் அவர். "நாலு பேர் பாத்தா மேட்டுக்கு மரியாதையா இருக்கணும்."

குட்டிகளைப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வளைக்காரியிடம் விட்டுவிட்டுச் செம்பி புறப்பட்டாள். வழியில் முதலில் வந்தது முள்ளம்பன்றியின் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் என்று சொன்னால் சிரிப்பு வரும். ஒரு புதரும் நான்கு மாணவர்களும்தான். அங்கே கொடுத்ததும் புளிய இலை. நகத்தளவுகூட இல்லை. முள்ளம்பன்றி அவளை ஏற இறங்கப் பார்த்தது.

"உங்க மேட்டுக்கு எத்தனை வாசல்?"

"ஒம்பது பத்து இருக்குங்க."

"ஒம்பதா, பத்தா?"

செம்பிக்குத் தெரியவில்லை. போய் ஒவ்வொரு வழியாக நடந்து, முகர்ந்து, எண்ணிவிட்டு வரச் சொன்னது முள்ளம்பன்றி. அதுதான் முதல் பாடமாம். எது எங்கே போகிறது, எது யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது, எதை அடைக்க வேண்டும் என்று ஒரு மழைக்காலம் முழுக்க இதே வேலை. அதற்குப் பிறகுதான் இலை. பௌர்ணமிக்கோ பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அது மட்டும் இல்லை. இந்தப் புளிய இலையைக் கொண்டுபோய் மொட்டைவாலர் முன்னால் வைத்தால் அவர் எலிப்புழுக்கை என்று நினைத்துத் துடைத்துப் போட்டுவிடுவார். அவள் கும்பிட்டுவிட்டு நடந்தாள்.

ஆலமரத்தடியில் நரியின் பள்ளிக்கூடம் ஜேஜே என்று இருந்தது. அங்கே கொடுப்பது தேக்கிலை. ஒரு வெள்ளெலி அதைப் போர்த்திக்கொண்டு படுக்கலாம். இலையின் நடுவில் முத்திரையாகச் செம்மண்ணில் நரியின் கால் தடம். நரியை ஏமாற்றுக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். அது சொல்லிக்கொடுத்ததெல்லாம் உண்மைதான். பாம்பைப் போல யோசி என்பதே அதன் பாடம். மாணவர்கள் வயிற்றால் ஊர்ந்தார்கள், சீறினார்கள், ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்தார்கள். பாம்பு எப்படிக் கழுத்தை மடக்கும், எவ்வளவு தூரம் எட்டும் என்று செம்பி கற்றுக்கொண்டாள். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. பிறந்ததிலிருந்து பயந்த ஒன்றாக நடித்துப் பார்க்கிற சுகம் யாரைத்தான் விடும்?

பரீட்சைக்குப் படிக்க நாள் போதவில்லை. அதற்கும் மரத்தின் மேலேயே ஆள் இருந்தது. ஒரு கதிர் கம்பு கொடுத்தால் கிளி பழைய கேள்விகளையும் பதில்களையும் வரிசையாக ஒப்பிக்கும். எல்லோரும் அதைக் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். செம்பியும் செய்தாள். பதினோராம் நாள் தேக்கிலையை இழுத்துக்கொண்டு மேட்டுக்குத் திரும்பினாள்.

இலையைப் பார்த்ததும் மொட்டைவாலர் எழுந்தே நின்றுவிட்டார். வேலை அவளுக்குத்தான். அன்றைக்கே குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய் ஆழத்து அறையில் விட்டாள். நல்ல அறை. புழுக்கமே இல்லை. பின்பக்கத்திலிருந்து சில்லென்று காற்று வந்தது. குட்டிகள் நிம்மதியாகத் தூங்கின. மண்ணுக்கு அடியில் அவ்வளவு ஆழத்தில் காற்று எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வி கிளியின் பட்டியலில் இல்லை.

தேக்கிலையைப் பெரிய வாசலில் மாட்டிவிட்டு அதன் கீழே செம்பி காவல் நின்றாள். ஒருநாள் ஒரு சாரைப்பாம்பு அந்தப் பக்கம் வந்தது. அவள் நரி சொன்னபடி எட்டாத தூரத்தில் நின்று மண்ணை வாரி அதன் கண்ணில் அடித்தாள். பாம்பு திரும்பிப் போய்விட்டது. மேடே அவளைக் கொண்டாடியது. தன் பிள்ளைகளுக்கு இனி ஒன்றும் ஆகாது என்று அன்றைக்குத்தான் அவள் முதன்முதலாக நம்பினாள்.

பிறகு மழை வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்து, நான்காம் நாள் நடுப்பகலில் வெறித்தது. செம்பி பெரிய வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை. உள்ளிருந்து அலறல் கேட்டது. ஓடினாள்.

ஆழத்து அறையின் பின்சுவரில் ஒரு பழைய வழி இருந்தது. மேட்டின் மறுபக்கம், ஓடைப் பக்கம் திறக்கிற வழி. ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் காதறுந்தார் அதைக் களிமண் வைத்து அடைப்பார். அடைத்தும் நம்பாமல் அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டே படுப்பார். அந்த அறையை யாரும் அவருக்குப் பரிசாகக் கொடுக்கவில்லை. மேட்டிலேயே ஆபத்தான இடம் அது என்பதால்தான் காவல்காரர் அங்கே இருந்தார். இந்த வருஷம் அடைக்க ஆள் இல்லை. இருந்த மண்ணும் மழையில் கரைந்துபோயிற்று.

செம்பி போய்ச் சேர்ந்தபோது சாரைப்பாம்பின் வால்தான் அந்த வழியில் தெரிந்தது. அறை காலியாக இருந்தது. குட்டிகள் கண் திறந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவள் வாலைக் கடித்துத் தொங்கினாள். பாம்பு அவளை மண்ணில் தேய்த்து உதறிவிட்டுப் போயிற்று.

அவள் அழுதாள். பிறகு அழவும் முடியாமல் எழுந்து நடந்தாள். மூன்று நாள் சாப்பிடாமல், மேட்டின் ஒவ்வொரு வழியிலும் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டு போனாள். மொத்தம் பதினான்கு வாசல்கள். அவற்றில் ஐந்தை யாரும் பயன்படுத்தவில்லை. ஐந்திலும் பாம்பின் வாடை இருந்தது.

அவள் கூட்டத்துக்குப் போனபோது அங்கே வேறு பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு இலை உள்ளவளை வேலைக்கு வைத்ததுதான் தப்பு என்று முடிவு செய்திருந்தார்கள். இனிமேல் இரண்டு இலை வேண்டும். இரண்டு தேக்கிலைகளை முதுகில் சுமந்துகொண்டு பக்கத்து மேட்டுக்காரன் ஒருவன் வந்து நின்றிருந்தான். அவன் பெண்சாதியும் குட்டிகளும் ஆழத்து அறையைப் பார்க்க ஏற்கெனவே உள்ளே போயிருந்தார்கள்.

"பதினாலு வாசல் இருக்குங்க," என்றாள் செம்பி. "அஞ்சை இன்னைக்கே அடைக்கணும். நான் நடந்து பாத்துட்டு வந்தேன். அந்த அறையில குட்டிகளை விடாதீங்க."

மொட்டைவாலர் இரக்கத்தோடுதான் அவளைப் பார்த்தார்.

"நடந்து பாத்தேங்கிறியே, அதுக்கு இலை ஏதாவது வச்சிருக்கியாம்மா?"

செம்பியிடம் இல்லை. அவள் கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். பிள்ளைகளைப் பறிகொடுத்த துக்கத்தில் பேசுகிறாள், பாவம் என்று இரண்டு பேர் அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள்.

எதைக் காக்கப் போகிறோம் என்பதை முதலில் நடந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தச் சான்றிதழ் பெரிது என்று விசாரிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.