டிவிக்குப் பின்னால் மாப்பிள்ளை

காடைமங்கலத்தில் புத்திசாலிகள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணுவதாக இருந்தால் மாவு மில் சகோதரர்கள் மூன்று பேரைக் கழித்துவிட்டு எண்ண வேண்டும் என்பதில் மட்டும் ஊருக்குள் கருத்து வேறுபாடு கிடையாது.

மூத்தவன் தவசிலிங்கம். முப்பத்தொன்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. நடுவன் காசிராஜன் ஒருமுறை மிக்சியைக் கழற்றி மறுபடி மாட்டியவன். மாட்டி முடித்ததும் மூன்று திருகாணி மிச்சம் வந்தது. அதை லாபம் என்று சொல்லி டப்பாவில் போட்டு வைத்தான். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு அவன்தான் இன்ஜினியர். கடைசி செல்லக்கனிக்கு என்று தனியாக ஒரு கருத்தும் கிடையாது. அண்ணன்மார் இருவரும் சொல்வதை இரண்டையும் நம்புவான்.

தவசிலிங்கத்துக்கு இதுவரை ஏழு வரன் வந்து ஏழும் கலைந்திருந்தன. ஏழாவது வீட்டில், "பொண்ணைப் பாத்தாச்சுல்லா, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்கள். தவசிலிங்கம் அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தான். மறுநாள் மத்தியானம் அந்த வீட்டுக்காரர்களே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

எட்டாவதாக வந்தது வேலாயுதம் என்பவருடைய மகள் வளர்மதி. பெண்ணுக்குச் சம்மதம். வேலாயுதம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாகப் போனில் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"மஸ்கட்ல இருக்கிற என் மகன் ராஜரத்தினம் மாப்பிள்ளையைப் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் எனக்குச் சரி. வீடியோவுல வருவான். ஆனா எனக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கு. போன்ல பாத்தா அவன் முகம் புளியங்கொட்டை கணக்கா தெரியுது. உங்க வீட்ல பெரிய டிவி இருக்காமே, அதுல தெரியற மாதிரி பண்ணிருங்க."

"ஐம்பத்தஞ்சு இஞ்சு!" என்றான் காசிராஜன். அது வாக்குக் கொடுத்தது போல ஆகிவிட்டது.

மாடியில் குடியிருந்த பாலிடெக்னிக் லெக்சரர் ஜெசிந்தா மேடம் தஞ்சாவூர்க்காரர், இரக்க குணம் உள்ளவர். தன் லேப்டாப்பை இரவல் கொடுத்தார். ராஜரத்தினம் கூப்பிட வேண்டிய பக்கத்தையும் திறந்து வைத்தார்.

"நாலு மணிக்கு அவர் கூப்பிடுவார். பச்சைப் பட்டனைத் தட்டுங்க. இந்தக் கேபிளோட ஒரு முனை லேப்டாப்ல, இன்னொரு முனை டிவியில. சொருகினா படம் தானா வந்துரும். ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும், இதுல விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்."

"அது எந்த ஊர்க் கம்பெனி மேடம்?" என்றான் காசிராஜன்.

"கம்பெனியே கிடையாது அண்ணே. ஊர் உலகத்துல நிறைய பேர் சேர்ந்து சும்மா எழுதிக் கொடுத்தது."

அவர் பேப்பர் திருத்தப் பக்கத்து டவுனுக்குப் போன பிறகு சகோதரர்கள் அதைப் பற்றிப் பேசினார்கள். பலர் கூடி இலவசமாகக் கொடுத்தது என்றால் அது தர்மம். ஆகவே மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, லேப்டாப்பின் மூடியில் கொஞ்சம் திருநீறு பூசிவிட்டு, அப்புறம்தான் கேபிளைச் சொருகினார்கள்.

டிவியில் 'நோ சிக்னல்' என்று வந்தது.

"சிக்னல் இல்லையாம்" என்று படித்தான் செல்லக்கனி.

"வாஸ்தவந்தானே. நம்ம ஊர்ல சிக்னலே கிடையாதே" என்றான் தவசிலிங்கம்.

"மேலத்தெரு முக்குல ஒண்ணு வச்சாங்களே அண்ணே?"

"அது எரிஞ்சு நீ பாத்திருக்கியால?"

மூவரும் டிவியை மரியாதையாகப் பார்த்தார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்தபடி ஊர் நிலவரம் தெரிந்து வைத்திருக்கிறதே! ஆனால் அரை மணி நேரம் ஆகியும் அது வேறு எதுவும் சொல்லவில்லை. மணி இரண்டே முக்கால். ஜெசிந்தா மேடத்துக்குப் போன் போட்டார்கள்.

"லேப்டாப்புக்கு டிவி தெரியுதான்னு பாருங்க அண்ணே" என்றார் அவர், தாளைத் திருத்திக்கொண்டே.

காசிராஜன் நெற்றியில் அடித்துக்கொண்டான். லேப்டாப் ஜன்னலைப் பார்த்து இருந்தது. டிவி அதன் முதுகுப் பக்கம். முதுகுப் பக்கம் இருப்பது யாருக்குத் தெரியும்? உடனே லேப்டாப்பைத் தூக்கி, டிவிக்கு நேர் எதிரே ஸ்டூல் போட்டு, முகத்துக்கு முகம் பார்க்கிற மாதிரி வைத்தான்.

"இப்பத் தெரியணுமே" என்றான்.

"இதுக்குக் கண்ணு எங்கண்ணே இருக்கு?" என்றான் செல்லக்கனி.

தேடினார்கள். திரைக்கு மேலே நடுவில் மிளகு போல ஒரு வட்டம். அதன் மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"ஐயோ பாவம், கண்ணுல அடிபட்டிருக்கு."

"மேடம் ஒரு வார்த்தை சொல்லலியே!"

"இந்நேரம் ஆறியிருக்கும். மெதுவா எடு. வலிக்கப் போகுது."

செல்லக்கனி ஊதி ஊதிப் பிளாஸ்திரியை உரித்தான். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துவிட்டான். அப்போதும் சிக்னல் இல்லை. இரண்டாவது முறை போன் போட்டார்கள்.

"கண்ணெல்லாம் சரியாயிட்டு மேடம். நல்லாப் பாக்குது. படந்தான் வரல."

மேடத்துக்கு இது விளங்கவில்லை. ஆனால் எதிரே நானூறு தாள் இருந்தது. "சரிண்ணே. ரெண்டையும் ஒரு நிமிஷம் அணைச்சு வச்சிட்டு, அப்புறம் போடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இங்கேதான் பெரிய வாதம் வந்தது.

"அமத்தச் சொல்லுதாங்க" என்றான் தவசிலிங்கம்.

"அமத்தச் சொல்லணும்னா அமத்துன்னு சொல்லியிருப்பாங்க அண்ணே" என்றான் காசிராஜன். "படிச்சவங்க. வார்த்தையை அளந்து பேசுறவங்க. அணைக்கத்தான் சொல்லுதாங்க."

"டிவியையா? நானா?" தவசிலிங்கத்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"உன் கல்யாணத்துக்குத்தானே? நீதான் அணைக்கணும்."

அதில் நியாயம் இருந்தது. செல்லக்கனி வாசல் கதவைச் சாத்தினான். முப்பத்தொன்பது வருஷம் எந்தப் பெண்ணின் நிழலும் படாமல் வாழ்ந்த தவசிலிங்கம், கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஐம்பத்தைந்து இஞ்சு டிவியை இரு கையாலும் ஆரத் தழுவினான். காசிராஜன் லேப்டாப்பை மார்போடு சேர்த்துக்கொண்டான். செல்லக்கனி அறுபது வரை எண்ண வேண்டும். நாற்பதில் சந்தேகம் வந்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினான்.

"ஐம்பத்தொம்பது, அறுபது. இப்பப் போடணும்" என்றான்.

இரவல் பொருள் என்பதால் கீழே இரண்டு மெத்தையை விரித்து அதன்மேல் லேப்டாப்பைப் போட்டார்கள். டிவியையும் போட்டிருப்பார்கள், தூக்க முடியவில்லை, அது தப்பித்தது. ஆனால் தவசிலிங்கம் தழுவிய வேகத்தில் டிவியின் பின்னால் இருந்த கேபிள் முனை ஆட்டம் கண்டிருந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. லேப்டாப்பை மறுபடி ஸ்டூலில், டிவி தெரிகிற மாதிரி வைத்தார்கள்.

மணி மூன்றரை. தவசிலிங்கத்தின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எட்டாவது வரனும் போனால் ஒன்பதாவது கிடையாது என்று தரகர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். காசிராஜனிடமிருந்து போனைப் பிடுங்கி அவனே பேசினான்.

"மேடம், என் வாழ்க்கை உங்க கையில இருக்கு."

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "கவலைப்படாதீங்க அண்ணே. டெர்மினலைத் திறந்து, நான் சொல்ற ஆறு எழுத்தை அடிங்க. எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர். கடைசியில எண்டர்."

மேடம் சொன்னது லேப்டாப் திரையில் கட்டளை அடிக்கிற கட்டத்தை. ஆனால் டெர்மினல் எங்கே இருக்கிறது என்று மில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியாதா? படிக்கட்டுக்கு அடியில், இன்வெர்ட்டர் பேட்டரியில் இருக்கிறது. அன்று மத்தியானத்திலிருந்து கரண்ட் இல்லை. வீடு அந்தப் பேட்டரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. காசிராஜன் டெர்மினலின் மூடியைத் திறந்தான். செல்லக்கனி மில்லிலிருந்து மரச் சுத்தியலைக் கொண்டுவந்தான். தவசிலிங்கம் எழுத்தை ஒவ்வொன்றாகச் சொல்ல, காசிராஜன் எழுத்துக்கு ஒன்றாக அடித்தான்.

"எக்ஸ்."

டொம்.

"ஆர்."

டொம்.

ஆறாவது அடியில் ஃபேன் நின்றது, லைட் நின்றது, டிவி செத்தது.

"வேலை செய்யுது" என்றான் காசிராஜன் மெல்லிய குரலில். "இன்னும் எண்டர்தான் பாக்கி. எண்டர்னா உள்ள வாறது. யார் வரணும்னு சொல்லலியே?"

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குரல் கேட்டது. "உள்ள வரலாமா?"

வேலாயுதமும் அவர் மனைவியும் நின்றிருந்தார்கள்.

"வாங்க, வாங்க!" என்று மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள். "உங்களுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கோம்!"

வேலாயுதம் இவ்வளவு வரவேற்பை எதிர்பார்க்கவில்லை. வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்தார். காசிராஜன் பேட்டரியில் கழன்று கிடந்த ஒயரை மாட்டினான். ஃபேன் சுற்றியது. டிவி கண் விழித்தது. விழித்து, லேப்டாப்பில் இருந்ததை அப்படியே பெரிதாகக் காட்டியது.

"மாமா கால் வச்ச நேரம்!" என்று செல்லக்கனி தரையில் விழுந்து கும்பிட்டான்.

சந்தோஷம் கொஞ்ச நேரம்தான். படம் வந்தது, போனது, வந்தது. காசிராஜன் சமையலறைக்கு ஓடி மேடத்திடம் சொன்னான்.

"கேபிள் ஆடுதுண்ணே. டிவிக்குப் பின்னால ஒருத்தர் அசையாமப் பிடிச்சுக்கங்க. நான் வந்து பாக்கிற வரைக்கும் விட்றாதீங்க" என்றார் மேடம்.

யார் பிடிப்பது? இந்த வீட்டில் அசையாமல் இருப்பதில் தவசிலிங்கத்தை அடிக்க ஆள் கிடையாது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிவிக்குப் பின்னால் போய்ச் சுவரோடு சுவராக நின்றான். படம் நிலைத்தது.

"மாப்பிள்ளை எங்க?" என்றார் வேலாயுதத்தின் மனைவி, காபியை வாங்கிக்கொண்டே.

"டிவிக்குப் பின்னால இருக்கார் அத்தை."

"கும்பிடுதேன் அத்தை" என்றது டிவி. பக்கவாட்டில் ஒரு கை மட்டும் வெளியே வந்து, கும்பிட இன்னொரு கை இல்லாமல் ஆடிவிட்டு உள்ளே போனது.

"கை லட்சணமா இருக்கு" என்றார் அம்மாள். வேலாயுதமும் ஆமோதித்தார்.

பெண் வீட்டாரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று உங்களுக்குத் தோன்றலாம். சம்பந்தம் என்றால் இரண்டு பக்கமும் பொருந்தி வர வேண்டும் அல்லவா? பொருந்தித்தான் வந்திருந்தது.

சரியாக நாலு மணிக்கு லேப்டாப் கூவியது. செல்லக்கனி பச்சைப் பட்டனைத் தட்டினான். டிவி நிறைய ராஜரத்தினம் வந்து உட்கார்ந்தார். தடித்த மீசை, மூக்குக் கண்ணாடி, மஞ்சள் டீ-ஷர்ட். லேப்டாப்போ டிவியைப் பார்த்தபடி இருந்தது. அதைத் திருப்பினால் அதற்கு மறுபடி டிவி தெரியாமல் போய்விடும் என்று ஒருவரும் தொடவில்லை. ஆகவே மஸ்கட்டில் ராஜரத்தினத்துக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: ஒரு பெரிய சட்டத்துக்குள் தடித்த மீசையும் மூக்குக் கண்ணாடியும் மஞ்சள் டீ-ஷர்ட்டுமாக ஒரு மனிதர்.

அவருடைய அறையில் எட்டுப் பேருக்குச் சேர்த்து ஒரே ஒரு கண்ணாடி. அதுவும் கைக்கு அடக்கமானது. சவரம் செய்யும் கன்னத்தைத் தவிர மற்றதை அவர் பார்த்து ஏழு வருஷம் ஆகியிருந்தது.

"வணக்கம்" என்றார் ராஜரத்தினம், கை கூப்பி. ஒரு கணம் கழித்து எதிரே இருந்தவரும் கை கூப்பி வணக்கம் என்றார்.

"அப்பா, மரியாதை தெரிஞ்ச ஆளா இருக்கார்" என்றார். "எதையும் கொஞ்சம் யோசிச்சுத்தான் செய்யுதார். நிதானம் இருக்கு."

டிவிக்குப் பின்னால் தவசிலிங்கத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஏழு வரனில் ஒருவர்கூட அவனை இப்படிச் சொன்னதில்லை. மூச்சைக்கூட மெதுவாக விட்டான்.

"என்ன வேலை பாக்கீக?" என்று கேட்டார் ராஜரத்தினம். கேட்டுவிட்டுச் சிரித்தார். "பாருங்கப்பா, என் வேலையைத் திருப்பி என்கிட்டயே கேக்கார்! விவரமான ஆளு. வளர்மதியை ஏமாத்த விடமாட்டார்."

"ஆள் எப்படிடா இருக்கார்?" என்று அம்மா கேட்டார்.

"அம்சமா இருக்கார்மா. எங்கயோ பாத்த முகம். மூலையில சின்னதா ஒருத்தர் தெரியுதாரே, அது தம்பியா? அவரும் அதே ஜாடை. குடும்பமே ஒரே அச்சு."

காசிராஜனும் செல்லக்கனியும் தங்களில் யார் அந்தத் தம்பி என்று தெரியாமல், இருவருமே தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"ஒரே ஒரு குறை சொல்லணும்னா, நான் பேசி முடிக்கு முன்னால குறுக்க பேசுதார். அது கல்யாணம் ஆனா சரியாப் போயிரும். எனக்கு முழுச் சம்மதம்பா!"

வேலாயுதம் எழுந்து காசிராஜனைக் கட்டிக்கொண்டார். அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெற்றிலைத் தட்டு மாற்றினார்கள். தவசிலிங்கத்தின் பங்குக் கேசரியை டிவிக்குப் பின்னால் நீட்டி ஊட்டிவிட்டார்கள். ஆவணியில் முகூர்த்தம் என்று பேசி முடித்துப் பெண் வீட்டார் நாலே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார்கள்.

"சரி மாப்பிள்ளை, போனை வச்சிரட்டுமா?" என்றார் ராஜரத்தினம், டிவியில். பிறகு பதறினார். "அடடா, என்கிட்ட எதுக்கு உத்தரவு கேக்கீக? நீங்க முதல்ல வைங்க."

சற்று நேரம் காத்திருந்தார்.

"இல்லையில்லை, நீங்க மாப்பிள்ளை. நீங்கதான் முதல்ல வைக்கணும்."

ஐந்து மணி ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. "நீங்க வைங்க", "நீங்கதான் வைக்கணும்" என்று டிவியில் உபசாரம் நடந்துகொண்டே இருந்தது. செல்லக்கனி நடுவில் இரண்டு முறை டிவிக்கு முன்னால் காபி கொண்டுபோய் வைத்தான்.

டிவிக்குப் பின்னால் தவசிலிங்கத்துக்குக் கால் மரத்துப் போய்விட்டது.

"ஏல காசி, மச்சான் இன்னுமா வைக்கலை?"

"மாப்பிள்ளை வைக்காம அவர் வைக்க மாட்டாராம் அண்ணே. பிடிவாதமா இருக்கார்."

"மாப்பிள்ளை நான்தானல!" என்று கேபிளை இன்னும் இறுக்கிக்கொண்டு அழாத குறையாகச் சொன்னான் தவசிலிங்கம். "நான் எப்படில வைக்க முடியும்? பிடிச்சுக்கிட்டுல்லா இருக்கேன்!"