மோட்டார் அறை வரை

"வேலையை விட்டுடலாம்னு இருக்கேன், மேடம்."

தாவரவியல் துறைத் தலைவி ஹெப்சிபா நிமிர்ந்து பார்த்தார். எதிரே நின்றவள் ஆவுடைச்செல்வி. அதே பெண்கள் பல்கலைக்கழகத்தில் படித்து, அங்கேயே விரிவுரையாளராகச் சேர்ந்தவள்.

"என்ன குறை?"

"'புரிஞ்சுதா'ன்னு கேட்டா, வகுப்பே ஒரே குரல்ல 'புரிஞ்சுது மிஸ்'ங்குது. பரீட்சையில ஒருத்திக்கும் ஒண்ணும் தெரியல. ஒரு சந்தேகம்கூடக் கேட்க மாட்டேங்கிறாங்க. எனக்குத்தான் சொல்லித்தர வரல."

"இப்ப என்ன வகுப்பு?"

"மூலிகைத் தோட்டத்துல, மேடம். பிள்ளைங்க வெளியே காத்திருக்காங்க."

"வா. நானும் வரேன்."

அங்கே துறைத் தலைவியை முந்தி யாரும் நடப்பதில்லை. ஹெப்சிபா முன்னே போனார். செல்வி ஓரடி பின்னே நடந்தாள்.

தோட்டம் கிழக்கே இருந்தது.

ஹெப்சிபா மேற்கே திரும்பினார்.

செல்வி ஒரு கணம் தயங்கினாள். பிறகு அவளும் மேற்கே திரும்பினாள்.

கேன்டீனைக் கடந்தார்கள். விடுதிக்குப் பின்னால், ஈரத்துணிகள் தொங்கும் கொடிகளைக் குனிந்து கடந்தார்கள். வேப்பம்பூ உதிர்ந்து, மண் வெளுத்துக் கிடந்தது.

"வழி சரிதானே, செல்வி?"

"சரிதான், மேடம்."

மோட்டார் அறையோடு பாதை முடிந்தது. அதற்கப்பால் மதில்.

ஹெப்சிபா மதிலை நிதானமாகப் பார்த்தார்.

"தோட்டம் எங்கே?"

"அந்தப் பக்கம், மேடம்."

"வழி தப்புன்னு எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"நீங்க திரும்பினப்பவே."

"நான் கேட்டேனே?"

செல்வி தலை குனிந்தாள். "நீங்க முன்னால போறீங்க. நான் எப்படி மேடம் சொல்றது?"

ஹெப்சிபா செல்வியின் தோளுக்கு அப்பால் பார்த்தார். அவர் உதட்டோரம் அடக்கிய சிரிப்பில் லேசாகத் துடித்தது.

செல்வி திரும்பினாள்.

வகுப்பு முழுவதும் பின்னால் நின்றது. இரண்டிரண்டு பேராக. துப்பட்டாக்களில் ஈரத்துணியின் சொட்டுகள்.

"நீங்க எதுக்குடி இங்க வந்தீங்க? தோட்டம் அந்தப் பக்கம்னு தெரியாதா?"

"தெரியும் மிஸ்."

ஒரே குரல்.

செல்வி அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மோட்டார் அறைப் படியில், சேலையில் மண் ஒட்டுமே என்றுகூட எண்ணாமல், உட்கார்ந்துவிட்டாள்.

"போன வாரப் பாடம் எந்த இடத்துல புரியாம போச்சு?"

வேப்பம்பூ உதிர்ந்துகொண்டிருந்தது.

கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்:

"ஆரம்பத்துலயே, மிஸ்."