தயிர்த்தூக்கு இருந்த இடம்

மலையடிவாரத்தில் ஓர் அறச்சாலை இருந்தது. பசித்து வருகிறவர்களுக்குக் கஞ்சியும் கீரையும் போடுவார்கள். இங்கே எல்லோரும் சமம் என்று வாசலில் பலகை தொங்கியது. உள்ளே மட்டும் ஒரு முன்வரிசை இருந்தது. முன்வரிசை இல்லாத சமத்துவம் இன்னும் எங்கும் பிறக்கவில்லை.

அந்த வரிசையில் முதல் ஆள் அம்பலக்கூத்தன். குரு அறவாழி ஐயா அறச்சாலையைத் தொடங்கிய நாளில் அடுப்புக்குக் கல் சுமந்தவன். அடுக்களைச் சாவி தனக்கே வரும் என்றிருந்தான்.

அப்போதுதான் பூங்காவனம் வந்தாள். சந்தையில் கீரை விற்றவள். அவள் மசித்த அரைக்கீரையைச் சாப்பிட்ட ஐயா, "இன்னும் கொஞ்சம்" என்றார். அம்பலக்கூத்தன் காலமெல்லாம் உறை ஊற்றிய தயிருக்கு அந்த வார்த்தை கிடைத்ததே இல்லை. அன்றிரவு அவனுக்குக் கஞ்சி இறங்கவில்லை.

மறுநாள் முதல் பெரிய தூக்குப் பாத்திரத்தில் ஐயாவுக்கென்று தனியாகத் தயிர் வைத்தான். யாரோ நன்கொடையாகத் தந்த ஃபிரிட்ஜின் மேல்தட்டில், பின்சுவரோடு ஒட்டி, அதை உள்ளே தள்ளி வைத்தான்.

சில நாட்களில் மேல்தட்டில் பால் திரிந்தது. அடியில் இருந்த காய்கறிப் பெட்டியிலோ பூங்காவனத்தின் கீரை உறைந்து கண்ணாடி போல நொறுங்கியது. அன்று வந்தவர்கள் வெறும் கஞ்சி குடித்துப் போனார்கள்.

அம்பலக்கூத்தன் உறைந்த கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு நேரே ஐயாவிடம் போனான். நடையில் ஒரு துள்ளல் இருந்தது.

"பாருங்க ஐயா. இவ வச்ச கீரை. கைராசி அப்படி."

"என் கைராசியில ஐஸ் விளையும்னா சந்தையிலயே வித்திருப்பேனே அண்ணே" என்றாள் பூங்காவனம்.

ஐயா கீரையைத் தொட்டுப் பார்த்தார்.

"பால் திரிஞ்சப்ப நீ என்ன செஞ்சே, அம்பலம்?"

"கூலிங்கைக் கூட்டினேன் ஐயா."

"பால்?"

"மறுபடியும் திரிஞ்சுது."

"அப்புறம்?"

"இன்னும் கூட்டினேன்."

ஐயா எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். மேல்தட்டில் கையை நீட்டினார். சில்லென்றே இல்லை. கீழ்ப்பெட்டியில் கை வைத்தார். விரல் விறைத்தது.

"இந்தத் தூக்கு யாரோடது?"

"உங்களோடது ஐயா. நான் உறை ஊத்தினது."

"ஏன் இவ்வளவு உள்ளே?"

"குளிர் முதல்ல வர்ற இடம் அதுதான். உங்களுக்குன்னு வச்சது முதல்ல இருக்க வேணாமா?"

ஐயா தூக்கை இழுத்தார். பின்சுவரில் வரிசையாகத் துளைகள் தெரிந்தன. குளிர்காற்று குபுகுபுவென்று அவர் முகத்தில் அடித்தது. தூக்கு அந்த வழியை அடைத்திருந்தது. மேல்தட்டு குளிராததால் இயந்திரம் ஓயாமல் ஓடியிருக்கிறது. ஓடி உண்டாக்கிய குளிரெல்லாம் வேறு வழியின்றிக் கீழ்ப்பெட்டியில் இறங்கியிருக்கிறது.

ஐயா தூக்கை ஓரமாக நகர்த்தி வைத்தார். கூலிங்கைப் பாதிக்குக் குறைத்தார். கதவைச் சாத்தினார்.

மறுநாள் பால் நன்றாக இருந்தது. கீரை பறித்த ஈரத்தோடு இருந்தது. அம்பலக்கூத்தனுக்கு இரண்டையும் பார்க்கப் பிடிக்கவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். நேத்து வந்தவகிட்ட அப்படி என்னத்தைக் கண்டீங்க?"

"சாயங்காலம் சபையில கேளு."

ஐயா தினமும் பேசும் அந்தச் சபையில் அவன் வழக்கம்போல ஐயாவுக்கு நேர் எதிரே, முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்தான். அகன்ற முதுகு அவனுக்கு. ஐயாவுக்கோ மெல்லிய குரல். பின்னால் இருந்தவர்கள் தினமும் பாதி கேட்டு, மீதிக்குத் தூங்கி எழுந்து போவது வழக்கம்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு" என்றார் ஐயா.

"எங்கே ஐயா?"

"ஓரமா."

அம்பலக்கூத்தன் நகர்ந்தான். கதவோரம் இருந்த ஒரு சுமைகூலிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்குத்தான் சாமி உங்க மூஞ்சி தெரியுது."

சபை சிரித்தது. அம்பலக்கூத்தன் சிரிக்கவில்லை.

ஐயா இடுப்பிலிருந்து அடுக்களைச் சாவியை எடுத்து அவனிடம் நீட்டினார். அவன் இரண்டு கைகளாலும் வாங்கினான். கண் நிறைந்துவிட்டது.

"பின்னால குடு. பூங்காவனத்துக்கு."

அவன் விரல்கள் சாவியின் மேல் மூடிக்கொண்டன. பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"கல்லு சுமந்தவன் நான். என்னை ஒதுக்கிட்டீங்களே ஐயா."

ஐயா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தயிரை நான் கொட்டலையே, அம்பலம். மத்தியானம் எல்லாருமாத்தான் சாப்பிட்டோம். நானும் இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினேன். நீதான் பந்திக்கு வரலை."

அம்பலக்கூத்தனின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. சாவி கை மாறிக் கை மாறிப் பின்னால் போயிற்று.