தொந்தி அணி முதலிடம் பிடித்த கதை

முன்னொரு காலத்தில் மருங்கை நாட்டை இளவழுதி என்றொரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்பதைவிட, சடுகுடு பார்த்தார் என்பதே சரி. "திருவிழா ஆட்டத்தில் ஜெயிக்கிற ஊருக்கு நல்ல தண்ணீர்க் குளம்! ஆனால் தரவரிசையில் முதல் இரண்டு அணிகள்தான் ஆடலாம்" என்று அறிவித்தார்.

வரிசை போட்டவர் ஆஸ்தான வித்வான் சர்வேசர். மீசைக்கு இத்தனை, தொடை தட்டும் சத்தத்துக்கு இத்தனை, ஒவ்வொரு தோல்விக்கும் நூறு கழிவு என்று கட்டுக்கட்டாக ஏடு எழுதினார். முத்திரைக்கு மந்திரியிடம் நீட்டுவதோடு சரி, அதை வேறு யாருக்கும் காட்டமாட்டார்.

உப்பளம் என்ற ஊரின் அணித் தலைவன் மாசாணம் மந்திரி செம்பியரிடம் வந்தான். "பதினாலு ஆட்டத்துல பன்னெண்டு ஜெயிச்சோம், ஐயா. ஏழாவது இடமாம்! எங்க பொம்பளைங்க குடிதண்ணிக்கு மூணு நாழிகை நடக்காங்க. ஏன் ஏழாவதுன்னாவது சொல்லுங்க."

"பார்த்துச் சொல்கிறேன்" என்று செம்பியர் அவனை அனுப்பிவைத்தார். நாட்டிலேயே பெரிய மூளைக்காரர் என்று தம்மைப் பற்றித் தாமே சொல்லித் திரிகிறவர் அவர். அந்த ஏட்டைப் படிக்காமலே முத்திரை வைத்ததும் அவரேதான். புரியவில்லை என்று சொல்ல வெட்கம்!

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ஏட்டைப் படித்தார். பிறகு அரண்மனைச் சமையற்காரர் ஆறு பேரோடு தம்மையும் சேர்த்து ஓர் அணி பதிந்தார். ஏழு பேருக்கும் தொந்தி, முறுக்கு மீசை. ஓர் ஆட்டமும் ஆடவில்லை.

அடுத்த பட்டியல் வந்தது. முதலிடம், மந்திரி அணி!

"எப்படிய்யா?" என்றார் ராஜா.

"ஆடாதவன் எங்கே தோற்பான், மகாராஜா? இது எனக்குப் புரியவே மூன்று நாள் ஆயிற்று. நானும் ஒரு மந்திரி!"

சபை கொல்லென்று சிரித்தது. சர்வேசர் சீறினார்: "மந்திரிக்குப் பொறாமை!"

"அப்படியானால் உப்பளம் ஏன் ஏழாவது? நீரே விளக்கும்" என்றார் ராஜா. சர்வேசர் ஏட்டைப் புரட்டினார், புரட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கே விளங்கவில்லை.

ராஜாவுக்குக் குறும்பு வந்துவிட்டது. "முதலிடத்து அணியே! இப்போதே உப்பளத்தோடு ஆடு!"

"ஐயோ, மகாராஜா! நான் சும்மா..."

மாசாணம் மந்திரியை அலாக்காகத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே வைத்தான். மறுநாள் ராஜா உத்தரவுப்படி, உடம்பெல்லாம் தைலம் மணக்க, செம்பியர் அரண்மனைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதி முத்திரையும் வைத்தார்: ஜெயித்தால் இரண்டு. சமமானால் ஒன்று. தோற்றால் முட்டை. கீழே எல்லா அணியும், எல்லா ஆட்டமும். போகிறவர் வருகிறவர் விரல்விட்டுக் கூட்டினார்கள். எண்களை எழுதும் வேலை சர்வேசருக்குப் போயிற்று, ஊரே பார்க்க.

உப்பளம் முதலிடத்துக்கு வந்தது, திருவிழாவிலும் ஜெயித்தது. குளத்தில் தண்ணீர் ஊறிய அன்று மாசாணம் அழுதேவிட்டான்.

ராஜா செம்பியருக்கு முத்துமாலை போட்டார். "சுவரில் கடைசியாக உம் அணி முட்டையோடு நிற்கிறதே, அழித்துவிடட்டுமா?"

"வேண்டாம், மகாராஜா. இதுவரை நான் முத்திரை வைத்ததில் எனக்கே புரிகிற கணக்கு அது ஒன்றுதான்."