கோழி கூப்பிட்ட விருந்தாளி

கோழிகளும் மனிதர்களும் ஒரே பேச்சில் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கரட்டூரில் மினுக்கி என்றொரு கோழி இருந்தது. முட்டையிட அதற்குச் சலிப்பே கிடையாது. அடைகாக்கத்தான் பிடிக்காது. ஊரில் இத்தனை வம்பு நடக்கும்போது ஒரே இடத்தில் நாள்கணக்காகக் குந்தியிருக்க யாரால் முடியும்?

ஊருக்கு வெளியே பொட்டலில் ஓரிடத்தில் மண் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். மினுக்கி அங்கே குழி பறித்து முட்டைகளை வைத்துவிட்டு ஊர் சுற்றப் போனது. திரும்பி வந்து பார்த்தால் சூடு பற்றவில்லை. சற்றுத் தள்ளி இன்னொரு குழி பறிக்கத் தொடங்கியது. அந்தக் காலக் கோழி கிளற ஆரம்பித்தால் தலையை நிமிர்த்தாது. ஆழம் போய்க்கொண்டே இருந்தது.

"யாரது மேலே?" என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"நான்தான் மினுக்கி. நீங்க யாரு?"

"பூமிக்குள்ள இருக்கிற நெருப்பு."

"நல்லதாப் போச்சு. கொஞ்சம் மேலே வந்துட்டுப் போங்களேன். முட்டைக்குச் சூடு பத்தல."

நெருப்பை அதுவரை யாருமே வரச்சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதற்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கூப்பிட்ட மரியாதைக்காகச் சொந்தபந்தம் எல்லாரையும் திரட்டிக்கொண்டு கிளம்பியது. பொட்டல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை படாரென்று பிளந்தது. பிளவு நெடுக நெருப்பு பனைமர உயரம் எழும்பி, கொதிக்கும் குழம்பாகக் கீழே இறங்கி, ஊரைப் பார்த்து நகர ஆரம்பித்தது. அதற்கும் ஊருக்கும் நடுவில் முட்டைகள் இருந்தன.

மினுக்கி அலறிக்கொண்டு ஊருக்குள் ஓடியது. "நான்தான் கூப்பிட்டேன், புத்தி கெட்டுப்போய்க் கூப்பிட்டுட்டேன். என் புள்ளைங்க கருகப் போகுது, யாராவது வாங்க."

பாதி ஊர் மூட்டை கட்டிவிட்டது. பேச்சாயி என்ற பெண்மணி மட்டும் வாசலில் நின்றாள். வந்தவர்களை உபசரிக்காமல் அனுப்பியதாக யாரும் அவள்மேல் ஒரு சொல் சொன்னதில்லை.

"கூப்பிட்டு வந்தவங்களைப் பாத்து ஓடினா ஊருக்குத்தான் அசிங்கம்" என்றாள். "முதல்ல ஒரு வாய் தண்ணி கொடுப்போம்."

பொட்டலுக்கு நடந்து போய், முட்டைக்குழிக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்த நெருப்பிடம் செம்பை நீட்டினாள். நெருப்புக்குத் தண்ணீர் ஆகாது. ஆனாலும் முதல்முறை வந்த இடத்தில் வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. குடித்தது. முன்பக்கம் ஒரு சாண் கறுத்து அப்படியே நின்றது.

பின்னாலேயே வந்து இதைப் பார்த்த எதிர்வீட்டு அங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அவங்க வீட்டுத் தண்ணியக் குடிச்சீங்க, எங்க வீட்டுது மட்டும் இறங்காதா?" என்று ஒரு குடத்தோடு வந்தாள். அப்புறம் தெருவே வந்தது. மோர் வந்தது, பானகம் வந்தது, நீராகாரம் அண்டாவோடு வந்தது.

"போதும்மா, வயிறு முட்டிருச்சு" என்று நெருப்பு கெஞ்சியது.

"அதெல்லாம் கணக்கில்ல. இன்னும் ஒரே ஒரு குடம்."

கரட்டூர் உபசாரத்தில் தப்பித்தவர் யார்? நெருப்பு அடிமேல் அடி பின்னால் போய்ப் பிளவின் விளிம்புக்கே வந்துவிட்டது. முட்டைக்குழியை அது தொடவே இல்லை. மினுக்கி ஓடிப்போய் முட்டைகள்மேல் சிறகை விரித்து உட்கார்ந்து அழுதது.

"அப்ப, நான் போயிட்டு வரேன்" என்றது நெருப்பு. விடைபெறும்போது வெறுமனே போகிறேன் என்று சொல்லக்கூடாது என்பது அதற்கும் தெரிந்திருந்தது.

மினுக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மகராசனாப் போயிட்டு வாங்க" என்றது.

நெருப்பு இறங்கியது. பிளவு மூடிக்கொண்டது. ஊரே மினுக்கியைத் திரும்பிப் பார்த்தது.

"வரச் சொல்லிட்டியே" என்றாள் பேச்சாயி. "எப்ப வருவாங்கன்னாவது கேட்டியா?"

மினுக்கி கேட்கவில்லை.

அன்று முதல்தான் கோழி தன் முட்டைமேல் தானே உட்காருகிறது. மண்ணை இரண்டு முறை கிளறியதும் சட்டென்று ஓரடி பின்வாங்கி, தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் பார்க்கிறது. புழு தேடுகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். விருந்தாளி வந்துவிட்டாரா என்று அது பார்க்கிறது.