இலெங்காவுக்கு ஒரு பிடி சோறு

தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு வாய் துறுதுறுக்கும். கதை முடியும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மொரீஷியஸ் தீவில் வீராசாமி இலெங்கா என்றொரு கிழவர். வயது தொண்ணூற்றொன்று. வீட்டில் யாருக்கும் தமிழ் பேச வராது. ஆனாலும் அறுபது வருஷமாக ஆடி அமாவாசை தவறியதில்லை. முன்னோர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பிண்டம் வைப்பார். கடைசிப் பிண்டம், குடும்பத்துக்கே பெயர் தந்த மூதாதை இலெங்காவுக்கு. அது என்ன பெயர், அவர் எந்த ஊர்க்காரர், சாவதற்குள் தெரிந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, மகன் தயாளனைத் தஞ்சாவூர்ப் பக்கம் அனுப்பிவைத்தார்.

தயாளன் கையில் இருந்தது, குடும்பத்தில் முதலில் தீவுக்கு வந்தவரின் 1863-ஆம் வருஷத்துக் கப்பல் பதிவேட்டின் நகல். பெயர் நல்லான். வயது பதினேழு. தகப்பன் பெயர் இலெங்கா. உடன் வருபவர் தாய் காத்தாயி, விதவை. ஊர்ப்பெயர் இருந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது. இதை வைத்துக்கொண்டு மூன்று வாரம் மனுஷன் இருப்புக் கொள்ளாமல் ஊர் ஊராக அலைந்தார். அப்படியொரு பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். ஒருவர் இலங்கைக்குப் போய்ப் பாருங்களேன் என்று வழி காட்டினார். தூக்கம் போயிற்று, சாப்பாடு இறங்கவில்லை, அமாவாசையோ நெருங்கிக்கொண்டிருந்தது.

அமாவாசைக்கு முந்தின நாள் ஒரு தாலுகா ஆபீசில் காத்திருந்தார். யாரோ வந்து சார் இருக்கிறாரா என்று கேட்க, உள்ளே இருந்த அம்மாள் பதில் சொன்னாள்.

"இல்லீங்க."

தயாளன் சட்டென்று எழுந்து நின்றார். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பு. அந்த அம்மாள் சிரித்துவிட்டு, ஆள் இல்லை என்பதை மரியாதையாகச் சொல்வது அது என்று இங்கிலீஷில் விளக்கினாள். அவர் பதிவேட்டு நகலை எடுத்து மறுபடி படித்தார். தகப்பன் பெயர் என்ன என்று கேட்டதற்கு நல்லான் சொன்ன பதில் அது. தமிழ் தெரியாத எழுத்தர் அந்த இல்லீங்கவையே இலெங்கா என்று பெயராக எழுதிவிட்டார்.

உடனே அக்கா கோமளாவுக்குப் போன் போட்டார். அவள் பதறிப்போனாள். அறுபது வருஷமாக யாருமே இல்லாத ஒரு பெயருக்குச் சோறு வைத்தோம் என்று தெரிந்தால் அப்பா நொறுங்கிவிடுவார் என்றாள்.

"ஏதாவது நல்ல பெயராக ஒன்றைச் சொல்லிவிடு, தம்பி. நிம்மதியாகப் போகட்டும்."

"முன்பின் தெரியாதவன் பெயரைச் சொல்லிப் பிண்டம் வைக்கவா அப்பா என்னை அனுப்பினார்? உள்ளதைத்தான் சொல்வேன், அக்கா."

இப்போது சொல்லுங்கள், இந்த இருவரில் யார் சொல்வது சரி?

விடை: தயாளன் சொல்வதே சரி. கோமளாவின் பாசத்தில் குறையில்லை, யோசனையில்தான் பிழை. நல்லான் தனக்கு யாருமே இல்லை என்று சொல்லவில்லை. அப்பன் செத்துப்போனான் என்று சொன்னான். விதவைத் தாய் பக்கத்திலேயே நிற்கிறாளே. பிண்டம் வைப்பதே இல்லாதவருக்குத்தான். ஆகவே அறுபது வருஷச் சோறும் சேரவேண்டியவருக்கே சேர்ந்திருக்கிறது. பொய்ப்பெயர் சொல்லியிருந்தால்தான் வழி தவறியிருக்கும். தயாளன் உள்ளதைச் சொல்ல, மறுநாள் வீராசாமி பழைய பெயரையே சொல்லிக் கடைசிப் பிண்டத்தை வைத்தார். முதல் தடவையாகப் பொருள் தெரிந்து சொன்னதால், பாதியிலேயே அழுதுவிட்டார்.